கிளாடிஸ் தோட்டம் பார்க்கப் போன திங்கட்கிழமை

கிளாடிஸுக்கு நாற்பத்தெட்டு வயதில் ஓர் ஆசை வந்தது. வாழைத் தோட்டம் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள். பெரியதாழையில் பிறந்தாள், வாசலைத் திறந்தால் கடல். தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டாள், மொட்டை மாடிக்குப் போனால் கடல். வேலை பார்ப்பதோ இறால் ஏற்றுமதிக் கம்பெனியில், தரம் பிரிக்கும் பெண்களுக்கு மேற்பார்வை. உப்பும் ஐஸுமாகவே காலம் ஓடிவிட்டது. பழக்கடையில் தொங்குகிற வாழைத்தாரைத் தினமும் பார்த்திருக்கிறாள். அது காய்த்த தோட்டத்துக்குள் ஒரு நாள்கூட நின்றதில்லை.

அவள் புருஷன் வில்பிரட்டின் கதை இன்னும் மோசம். கப்பலில் அவர் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். பிரேசில் பார்த்திருக்கிறார், டர்பன் பார்த்திருக்கிறார், பனிக்கட்டி மிதக்கிற கடலெல்லாம் பார்த்திருக்கிறார். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கொற்கையைப் பார்த்ததில்லை. அவருக்குக் கீழே பயிற்சிக்கு இருந்த சிவப்பிரகாஷ் என்ற பையனுக்கு ஊர் கொற்கைதான். அவனுடைய அப்பா சிவனாண்டி அண்ணாச்சி, "ஒரு நாளு குடும்பத்தோட தோட்டத்துக்கு வாங்க" என்று மூன்று வருஷமாகப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன திங்கட்கிழமைதான் வேளை வந்தது. கிளாடிஸ் கம்பெனியில் லீவு சொன்னாள். காலையில் தோட்டம், மத்தியானத்துக்கு மேல் ஊருக்குள் வந்து ஒரு சேலை எடுப்பது. இவ்வளவுதான் திட்டம்.

ஆனால் அந்த நாளின் அடியில் ஒரு முள் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வில்பிரட் சென்னை ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது மாத ஒப்பந்தம், அடுத்த வாரமே கப்பல் ஏற வேண்டும். போன தடவை இறங்கி வந்தபோது, "இதோட போதும் ஏளா" என்று பெட்டியைக் கீழே வைத்த மனுஷன்தான். சனிக்கிழமை ஏஜென்ட் கூப்பிட்டதும், "திங்கக்கெழம சொல்லுதேன் சார்" என்று இழுத்தார். அந்த இழுப்பே கிளாடிஸுக்குப் போதுமாக இருந்தது. அவர் போகக் கூடாது. இந்தத் தடவை போகவே கூடாது. அவள் மனசில் வேறு ஒன்றும் இல்லை.

அப்படியானால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது. கிளாடிஸின் குடும்பத்துப் பெண்கள் கடலுக்குப் போகிற ஆணைப் பார்த்து 'போகாதே' என்று சொல்ல மாட்டார்கள். அவளுடைய சித்தி ஈவாஞ்சலின் ஒரு தடவை சொன்னாள். ஐப்பசி மாசம், விடியற்காலை, "இன்னைக்குப் போவாதீய" என்றாள். சித்தப்பா சிரித்துக்கொண்டே வள்ளத்தைத் தள்ளினார். மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை அவர்கள் வீட்டில் பூட்டி வைத்துவிட்டார்கள். சொல்லிவிட்டால் ஆள் கரையில் நிற்க வேண்டும். அதையும் மீறிப் போனால் கடல் திருப்பித் தராது. அதைவிட, இப்படி ஒரு வழக்கம் இருப்பதையே ஆண்களிடம் மூச்சு விடக் கூடாது. ஏனென்றால் வழக்கத்தைச் சொல்வதும் சொல்லைச் சொல்வதும் ஒன்றுதான். கிளாடிஸுக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் சித்தியே கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னாள். இருபத்தேழு வருஷம் ஆகிறது. அவள் வாய் திறந்ததே இல்லை. மகள் அனிஷா பிறந்து பதினோராம் நாள் வில்பிரட் கிளம்பியபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றுதான் சொன்னாள்.

எட்டரை மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். அவள் பின்னால் உட்கார்ந்து அவர் தோளில் கையை வைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் உப்பளம். அள்ளிக் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. பழையகாயல் தாண்டி மேற்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் காற்று மாறியது. முகத்தில் ஒட்டுகிற காற்று போய், ஈர மண் வாசனை வந்தது. பிறகு திடீரென்று, ஒரு வளைவில், எல்லாம் பச்சை. ஸ்கூட்டர் சத்தம்கூடக் காதில் விழாத மாதிரி இருந்தது கிளாடிஸுக்கு.

தோட்டத்து வரப்பில் சிவனாண்டி அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். "வாங்க அண்ணாச்சி, வாங்கம்மா. மூணு வருசங்கழிச்சி வழி தெரிஞ்சிச்சோ?" என்று உரிமையோடு சண்டை பிடித்தபடியே உள்ளே கூட்டிப் போனார். அவருடைய மனைவி இசக்கியம்மாள் செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வாழைத் தோட்டத்துக்குள் நடப்பது எப்படி என்று கிளாடிஸ் யோசித்ததே இல்லை. உள்ளே போகப் போக வெயில் மேலேயே நின்றுவிட்டது. இலைகளுக்குள் நுழைந்து வந்த வெளிச்சம் பச்சையாகத்தான் கீழே இறங்கியது. தன் கையைப் பார்த்தாள், கையும் பச்சை. வாய்க்காலில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. காலைத் தண்ணீருக்குள் விட்டாள். அலை இல்லை. காலைப் பிடித்து இழுக்காத தண்ணீர் அவளுக்குப் புதுசு. தூக்கத்தில் நடப்பவள் போல அப்படியே கரையோடு போனாள்.

"இது ஏத்தன். அங்கன நிக்கது கோழிக்கூடு. அதுக்கங்கிட்டு சக்கை" என்று அண்ணாச்சி வாழை ரகங்களைக் காட்டிக்கொண்டே வந்தார்.

"கோழிக்கூடுன்னா எங்க ஊருல கோழி அடைக்கிறது" என்றார் வில்பிரட்.

"ஒங்க ஊருல என்ன வெளையுது, உப்பத் தவிர?" என்றார் அண்ணாச்சி. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அண்ணாச்சி குதிகாலால் மண்ணைத் தட்டிக் காட்டினார். "இந்தா நிக்கோம் பாருங்க, இங்கன ஒரு காலத்துல கடல் கெடந்துச்சாம். கப்பல் கப்பலா வருமாம். எங்க கெணறு வெட்டையில சிப்பியா வந்துச்சி. பொறவு கடலு என்ன நெனச்சிச்சோ, எந்திரிச்சிப் போயிட்டு."

கிளாடிஸ் நின்றுவிட்டாள். கடல் எழுந்து போய்விடுமா? ஓர் ஊரை விட்டுவிட்டு, 'நீங்களே இருங்கள்' என்று நடையைக் கட்டிவிடுமா? கடல் போன அன்று இந்த ஊர்ப் பெண்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். காலையில் எழுந்திருக்கிறார்கள். முன்னால் வெறும் மண். கப்பல் இல்லை, கூப்பிடுகிற ஏஜென்ட் இல்லை. புருஷன்மார் திண்டாடிப்போய் ஒரு வாழைக்கன்றை நட்டிருப்பார்கள். பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதிருப்பார்கள். அந்த நினைப்பு அவளுக்கு எவ்வளவு பிடித்தது என்றால், தூத்துக்குடியிலும் அப்படி ஒரு காலை விடிவதாக வைத்துப் பார்த்தாள். துறைமுகத்துக் கிரேன்களெல்லாம் வாழைத் தோப்புக்கு நடுவே நிற்கின்றன. வில்பிரட் கைலியோடு வாய்க்கால் வெட்டுகிறார். மணியடித்ததும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்.

மோட்டார் ரூம் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் கிடந்தது. "செத்த சாயுங்கக்கா" என்றாள் இசக்கியம்மாள். சாய்ந்தவள் கண் அயர்ந்துவிட்டாள். அயர்ந்தும் அயராமலும் இருந்த அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் மேல் இலைகள் அசைந்துகொண்டே இருந்தன. எங்கோ வில்பிரட்டின் குரல் கேட்டது. தூரத்தில், ஆனால் கரையில். கண்ணைத் திறக்காமலே அந்தக் குரல் இருக்கிற இடத்தை அவளால் காட்ட முடிந்தது. இத்தனை வருஷ வாழ்க்கையில் இப்படி எத்தனை நாள் கிடைத்திருக்கும் அவளுக்கு!

அவளை எழுப்பியது இசக்கியம்மாளின் சத்தம். அண்ணாச்சி மம்பட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குக் கிளம்பியிருந்தார். "ஏங்க, இந்த வெயில்ல போவாதீய! சொன்னாக் கேக்கணும். வந்தவியள விட்டுட்டு எங்க போறிய? போவாதீயன்னு சொல்லுதேம்லா?"

"சரிளா, போவல, போவல" என்று அண்ணாச்சி மம்பட்டியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கிளாடிஸ் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்து வயலுக்கு! பத்தடி தூரத்துக்கு! இவள் பாட்டுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டாளே! கொஞ்சமும் பயமில்லாமல், கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரி. அவரும் உட்கார்ந்துவிட்டாரே! கிளாடிஸுக்கு இசக்கியம்மாள் மேல் பொறாமையாக இருந்தது. நன்றாகவே பொறாமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

சாப்பாடு முடிந்து, ஆற்றைத் தாண்டி ஆத்தூரில் அண்ணாச்சியின் மச்சினன் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் போனார்கள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வில்பிரட் கோயிலுக்குள் போகிறவர் போலக் குனிந்து நுழைந்தார். அகத்தி மரங்களைச் சுற்றிக்கொண்டு கொடிகள் மேலே மேலே ஏறியிருந்தன. ஒரே குளிர்ச்சி, ஒரே கார வாசனை. வில்பிரட் ஒரு கொடியைத் தொட்டார். "நல்லாத்தான் பிடிச்சிருக்கு மரத்த" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி.

திரும்பி வரும்போது உப்பளக் காற்று மறுபடியும் முகத்தில் ஒட்டியது. அவர் ஏஜென்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் குருசடிக் கோயில் வந்ததும் அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மாதாவே, நீயே அவர் வாயால் சொல்ல வை என்று வேண்டினாள். தன் வேலையை மாதா தலையில் கட்டுவது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

தூத்துக்குடி வந்து, டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனார்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்ததும், கடைப்பெண் சேலைகளை உதறி உதறி விரித்தாள். அரக்கு வந்தது, மயில்கழுத்து வந்தது, மாம்பழ மஞ்சள் வந்தது. அப்புறம் வாழைக்குருத்துப் பச்சையில் மெல்லிய கரை போட்ட ஒரு பட்டு வந்து மேலே விழுந்தது. கிளாடிஸ் கையை அதன்மேல் வைத்தாள். காலையில் கண்ட வெளிச்சம் முழுவதும் அங்கே மடித்துக் கிடந்தது. அவள் மறுபடியும் தோட்டத்துக்குள் போய்விட்டாள்; மேலே இலைகள் அசைந்தன, கடைச் சத்தமெல்லாம் எட்டப் போய்விட்டது.

"பிடிச்சிருக்கா ஏளா?" என்றார் வில்பிரட்.

"ம்."

"அப்பம் இதையே எடுத்துருவம். ஒவ்வொரு தடவையும் நான் வரும்போதுதான வாங்கிட்டு வாரேன். இந்தத் தடவ முன்னாடியே எடுத்துருவம். கையோட குடுத்துட்டா ஒரு கவல விட்டுச்சி."

தோட்டம் மறைந்துவிட்டது. மெத்தையும் டியூப்லைட்டும்தான் மிச்சம்.

கப்பல்காரன் வீட்டில் சேலை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்புகிற ஆள் கடைசித் துறைமுகத்தில் சேலை வாங்குவான். "சேல வாங்கியாச்சி" என்று போன் வந்தால் ஆள் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டான் என்று அர்த்தம். சிங்கப்பூர் சேலை, துபாய் சேலை, கொழும்புச் சேலை என்று கிளாடிஸின் பீரோவில் அடுக்கியிருப்பதெல்லாம் அவர் திரும்பி வந்த தடவைகள்தான். போகிறபோது யாரும் சேலை எடுத்துக் கொடுப்பதில்லை. கொடுத்துவிட்டால் அப்புறம் எதைக் கொண்டு வருவது? எதற்கு வருவது? இந்த மனுஷன் திரும்புகிற சேலையை இப்போதே கையில் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, கவலை விட்டது என்கிறார். அவருக்கே திரும்பி வருகிற நம்பிக்கை இல்லையா? போன தடவை பிஸ்கே குடாவில் எஞ்சின் நின்று மூன்று நாள் போன் இல்லாமல் கிடந்ததை அவர் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. பேரைப் பார்த்துவிட்டு, "ஏஜென்ட்தான். வாரேன்னு சொல்லிருதேன், என்ன?" என்றார்.

கிளாடிஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சித்தி ஈவாஞ்சலின், மூன்றாம் நாள் வந்த வள்ளம், கடல், எல்லாம் ஒரு கணம் கண் முன்னால் வந்து நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"போவாதீய" என்றாள்.

சேலை விரித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். போன் அடித்து ஓய்ந்தது.

"என்ன சொன்ன?"

"போவாதீயன்னு சொன்னேன். இந்தக் கப்பலுக்கும் போவாதீய. எந்தக் கப்பலுக்கும் போவாதீய. எனக்கு இந்தச் சேலை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க இங்கன இருந்தாப் போதும்." சத்தம் அவளை மீறி வந்துவிட்டது. அடுத்த மெத்தையில் இருந்த கல்யாணக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் புருஷனின் முகத்தையே பார்த்தாள். சித்தப்பா சிரித்தாராம். இவரும் சிரித்துவிட்டால் அங்கேயே உயிரை விட்டுவிடுவாள் போல இருந்தது.

வில்பிரட் சிரிக்கவில்லை. கப்பலில் பத்துப் பேரை மிரட்டி வேலை வாங்குகிற மனுஷன், போனை மெதுவாக மெத்தையில் வைத்தார். கண் சிவந்துவிட்டது.

"இத ஒரு தடவ சொல்லிருக்கலாம்லா ஏளா" என்றார். "இத்தன வருசத்துல ஒரே ஒரு தடவ."

"சொல்லக் கூடாதுங்க. எங்க வீட்டுல சொல்லக் கூடாது." அவள் சித்தியையும் சித்தப்பாவையும் வழக்கத்தையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டாள். முன்னுக்குப் பின்னாகத்தான் சொன்னாள், அவருக்குப் புரிந்தது.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றார் அவர். "லீவுல வந்து ஒரு மாசம் ஆச்சின்னா நீ பரண்ல கெடக்க பெட்டிய எறக்கித் தொடைக்க ஆரம்பிச்சிருவ. சரி, நம்ம இல்லாட்டாத்தான் இவளுக்கு வசதி போலன்னு நெனப்பேன். அனிஷா பொறந்து பதினோரு நாள்ல ஏஜென்ட் கூப்புட்டான். வரலன்னு சொல்லத்தான் இருந்தேன். நீ 'நல்லபடியாப் போயிட்டு வாங்க'ன்னுட்ட. அதான் போனேன்."

கிளாடிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். பெட்டியைத் துடைத்தது அழுகையை அடக்கக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காக. "அட பாவி மனுசா" என்றாள். அப்புறம், "அட பாவி நானு" என்றாள். சேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். ஜவுளிக்கடை, கூட்டம், எதையும் அவள் பார்க்கவில்லை. கடைப்பெண் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை வில்பிரட் எடுத்தார்.

"சார், நான் வரல... இல்ல சார், ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சம்பளமும் ஒண்ணும் பிரச்சினயில்ல. வீட்டுல போவாதீயன்னு சொல்லிட்டாவ."

ஏஜென்டுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. வில்பிரட் எழுந்து கடை வாசலுக்குப் போனார். தெருவில் பஸ் ஹாரன், ஆட்டோ, பூக்காரர்கள் கூப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல் உள்ளே இருந்த கிளாடிஸுக்குத் தெளிவாகக் கேட்டது.

"வீட்டுல சார்! எங்க வீட்டுல! போவாதீயன்னு சொல்லிட்டாவ!"

ஏஜென்ட் சரி என்று வைத்திருக்க வேண்டும். வில்பிரட் போனைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற கடை வாட்ச்மேனிடம் திரும்பி, அந்த ஆள் கேட்காமலேயே அதையே இன்னொரு தடவை சொன்னார்.